பிஸ்டன் பிடித்த வண்டி

ஜூன் 3, திங்கள்

இன்று டெம்போவில் ஒரு பழைய புல்லட் வந்து இறங்கியது. வந்தது வண்டி மட்டும் என்றால் "புல்லட், இன்ஜின் சுற்றாமல் இறுகிப் பிடித்துக்கொண்டது" என்று ஒரு வரியில் எழுதிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போயிருப்பேன். இந்த டைரியே அதற்குத்தான். மாட்டுத்தீவனக் கடைக்காரர் வருஷா வருஷம் கொடுப்பார். பட்டறைக்கு என்ன வேலை வந்தது, எது முடிந்தது என்று குறித்து வைப்பது என் வேலை. இவருக்கு ஸ்பேனர் பிடித்த கையால் பேனா பிடிக்க வராது. இவர் என்றால் என் வீட்டுக்காரர். வாசல் போர்டில் 'மயில்சாமி போரிங் ஒர்க்ஸ்' என்று உடுமலைக்கே தெரிகிற மாதிரிப் பேர் இருக்கிறது, எனக்குத்தான் எழுதக் கூசும். பாருங்கள், எழுதியே விட்டேன். பதற்றத்தில் கை என் பேச்சைக் கேட்கவில்லை.

பதற்றம் ஏனென்றால், டெம்போவுக்குப் பின்னால் காரில் ஜெகதீசன் வந்தார். தளி ரோட்டுக் கோழிப்பண்ணைக்காரர். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை, அதுதான் பயம். போன வருஷம் முட்டைக் கணக்கில் ஏமாற்றிய டிரைவர் ஒருவரைக் கோழிக்கூண்டுக்குள் பகல் முழுக்க உட்கார வைத்தாராம். அடிக்கவில்லை, திட்டவில்லை. நடுவில் மோர் கூடக் கொடுத்தாராம்.

வண்டி அவருடைய அப்பா அவினாசியப்பனுடையது. அவர் தளி ரோட்டு வளைவில் இதே வண்டியில் விழுந்து இறந்தது எங்களுக்குக் கல்யாணமான வருஷம். அன்றைக்குச் சாய்ப்பில் போட்டுப் பூட்டியதை ஜெகதீசனின் அம்மா கடைசி வரை யாரையும் தொட விடவில்லை. தை மாசம் அம்மாவும் போய்விட்டார்.

"நாயி குறுக்க வந்து விழுந்தாருன்னு ஊர்ல சொல்றாங்க. நாயி இல்லீங்ணா," என்றார் ஜெகதீசன், இவரிடம். "ஓடிட்டு இருக்கயிலயே இன்ஜின் பிடிச்சு, பின்சக்கரம் பூட்டிக்கிச்சு. ஏன் பிடிச்சுதுன்னு உள்ள எழுதியிருக்கும். தொறந்து பாத்து எனக்குச் சொல்லோணும். எங்கப்பா யாரால போனாருன்னு எனக்குத் தெரியோணும்."

இவர் கழிவுத்துணியால் கையைத் துடைத்தார். கை சுத்தமான பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். "வயசான இன்ஜினுங்க. நேரமாகும்," என்றார்.

"ஆகட்டும். பழைய சாமான் ஒண்ணு விடாம எனக்கு வேணும்."

அதைச் சொல்லவே வேண்டியதில்லை. பழைய பிஸ்டன், பழைய ரிங், ஆணி வரைக்கும் கம்பியில் கட்டித் திருப்பிக் கொடுப்பது எங்கள் பட்டறை வழக்கம். கொடுக்காவிட்டால் மாற்றவே இல்லை என்பார்கள். இருந்தாலும் அவர் சொன்ன விதத்தில், பழைய சாமான் போட ஒரு காலிப் பெட்டியை அப்போதே எடுத்து வைத்தேன்.

ஜூன் 4, செவ்வாய்

ஜெகதீசன் ஒரு அட்டை நாட்டுக்கோழி முட்டை கொடுத்தனுப்பியிருக்கிறார். பயத்தோடு ஆம்லெட் போட்டால் உப்பு கூடிவிடுகிறது.

ஜூன் 7, வெள்ளி

பிளக் ஓட்டை வழியாக டீசல் ஊற்றி ஊற வைத்திருக்கிறது. பிஸ்டன், தான் ஏறி இறங்கி ஓடுகிற பேரலுக்குள் பாதி வழியில் நிற்கிறது. மேலேயும் வராது, கீழேயும் போகாது. பின்சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் வண்டி மொத்தமும் ஆடுகிறதே தவிர இன்ஜின் அசையவில்லை. மேலே மூடியிருக்கிற ஹெட்டைக் கழற்றிக் கட்டையை வைத்து அடிக்கலாம். ஆனால் பழைய வார்ப்பிரும்பு, பேரலைச் சுற்றி அடுக்கடுக்காக இருக்கிற இதழ்கள் பொரை பிஸ்கட் மாதிரி உடையும். உடைந்தால் ஜெகதீசனுக்கு யார் பதில் சொல்வது? கூண்டு என் அளவுக்கு இருக்குமா என்று ஒரு யோசனை வந்தது. சிரிப்பும் வந்தது, அப்புறம் வரவில்லை.

இவர் காலையிலும் மாலையிலும் டீசல் ஊற்றுகிறார். மற்ற நேரத்தில் அந்தப் பக்கம் போவதில்லை.

ஜூன் 10, திங்கள்

பிரேக் ஆயிலும் ஊற்றியாயிற்று. அசையவில்லை.

"ஏனுங்க, கிரீஸ் கன் வெச்சுப் பாக்கலாமுங்களே?" என்று கேட்டேன். பழைய பிளக்கின் உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, கிரீஸ் ஏற்றுகிற வாயை அதில் வெல்டிங்கில் பற்ற வைத்து, ஓட்டையில் முறுக்கி, கன்னால் கிரீஸை அமுக்கினால் எப்பேர்ப்பட்ட பிஸ்டனும் சத்தமில்லாமல் இறங்கும். சுத்தியல் வேண்டாம், சூடு வேண்டாம். ஊரில் இதற்கு மயில்சாமி வைத்தியம் என்றே பேர். ஆட்டுரல் மாதிரி அசையாமல் கிடந்த டிராக்டர் இன்ஜினை எல்லாம் இவர் ஒரு மதியத்தில் விடுவித்ததைப் பார்த்திருக்கிறேன்.

"வால்வு தாங்காது, புள்ள," என்றார்.

வால்வைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. வேலை தெரிந்தவர் அவர்.

ஜூன் 14, வெள்ளி

ஜெகதீசன் வந்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். காப்பி கொடுத்தேன். டம்ளரை வைக்கும்போது தட்டில் கடகடவென்று சத்தம். என் கை அது.

"என்னைப் பாத்து ஏனுங்கக்கா பயப்படறீங்க?" என்றார். 'உங்களைப் பார்த்துத்தான் தம்பி' என்றா சொல்ல முடியும்? சர்க்கரை அதிகமோ என்று கேட்டு வைத்தேன்.

அப்பா அந்த வண்டியை எங்கே போர் பண்ண, அதாவது பேரலைக் கடைந்து புது பிஸ்டன் போடக் கொடுத்தார் என்று ஜெகதீசனுக்குத் தெரியாதாம். விழுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் வேலை நடந்ததாம். "கோயமுத்தூரா இருக்கும். அப்பாவுக்கு எல்லாத்துக்கும் கோயமுத்தூர்தான்," என்றார். இவர் அந்த நேரம் பார்த்து லேத்தைப் போட்டார். ஒரு பேச்சும் கேட்கவில்லை அப்புறம்.

கிளம்பும்போது வாசலில் நின்று என்னிடம் சொன்னார்: "ஆடியில அப்பாவுக்குத் திதி வருது. அதுக்குள்ள தெரிஞ்சாகோணும். இங்க ஆகலைன்னா சொல்லுங்க, கோயமுத்தூர்ல குடுத்துத் தொறக்கறேன். செலவு எவ்வளவு ஆனாலும் பொறுத்துக்குவேன். என்னை ஏமாத்தறது மட்டும் ஆகாதுங்கக்கா."

அந்தக் கடைசி வாக்கியத்தையும் முட்டை விலை சொல்கிற குரலில்தான் சொன்னார்.

ஜூன் 17, திங்கள்

சும்மா ஒரு விஷயம் நினைவு வந்தது, எழுதி வைக்கிறேன். நான் கல்யாணமாகி வந்த புதிதில் இந்தப் பட்டறை வாசலில் எப்போதும் புல்லட்டாக நிற்கும். அப்புறம் திடீரென்று ஒரு வருஷம் போல இவர் புல்லட்டே தொடவில்லை. மோட்டார் பம்பு, டிராக்டர் என்று மாறிவிட்டார். கேட்டதற்கு, புல்லட்டில் வருமானம் இல்லை என்றார். நான் புதுப்பெண், நம்பிக்கொண்டேன்.

இன்னொன்று. திருமூர்த்தி மலைக்கு எப்போது கூப்பிட்டாலும் இவர் தளி ரோட்டில் போகமாட்டார். சுற்றிக்கொண்டுதான் போவார். அந்த ரோட்டில் பஸ் நெரிசல் என்பார். நெரிசல் இருக்கத்தான் செய்கிறது.

இரண்டுக்கும் ஒன்றும் சம்பந்தம் இல்லை.

ஜூன் 20, வியாழன்

கோயமுத்தூரில் வண்டியைத் திறந்தால் எனக்கென்ன வந்தது? ஒன்றும் இல்லை. இருந்தாலும் வண்டி இந்த வாசலைத் தாண்டக் கூடாது என்று மாரியம்மனுக்கு எலுமிச்சை மாலை வேண்டிக்கொண்டேன். எனக்குப் பல்லி பயம், இடி பயம், அந்தி சாய்ந்த பிறகு அடிக்கிற போன் பயம். அந்த வரிசையில் ஒரு வண்டியும் சேர்ந்துவிட்டது.

ஜூன் 23, ஞாயிறு

பழனிப் பக்கம் தூரத்துச் சொந்தக்காரர் வீட்டுச் சாவு. இவர் விடியும் முன்னே கிளம்பிப் போனார், நாளைக்குத்தான் வருவார். போகும்போது, "அந்த வண்டியைத் தொடாதே, புள்ள," என்றார். இத்தனை வருஷத்தில் பட்டறையில் எதையும் தொடாதே என்று என்னிடம் சொன்னதில்லை. போர் அளப்பதும் கல் போட்டுத் தேய்ப்பதும் பாதிக்குப் பாதி நான்தான் செய்கிறேன்.

சொல்லியிருக்காவிட்டால் தொட்டிருக்க மாட்டேன்.

கதவைச் சாத்திக்கொண்டு வால்வைப் பார்த்தேன். இரண்டும் நன்றாகத்தான் மூடியிருந்தன. வால்வை அமுக்குகிற ராக்கரைத் தளர்த்தினேன். அலமாரியில் கிரீஸ் வாய் பற்ற வைத்த பிளக் அளவு வாரியாக இருக்கிறது, புல்லட்டுக்கு உள்ளதை எடுத்து முறுக்கினேன். கன்னை மாட்டி அமுக்க ஆரம்பித்தேன். முதலில் சும்மா போனது. அப்புறம் கைப்பிடி கல்லாகிவிட்டது. இடுப்பை முட்டுக் கொடுத்து அமுக்கினேன். பிளக் தெறித்து நெற்றியில் அடித்தால் யார் எடுத்துப் போடுவார்கள் என்று நினைத்துக்கொண்டே அமுக்கினேன். உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். இதழ்தான் உடைந்தது என்று உயிரே போய்விட்டது. உடையவில்லை. கைப்பிடி லேசானது. பின்சக்கரம் தானாக ஒரு விரற்கடை நகர்ந்தது.

அதற்கப்புறம் மளமளவென்று ஆயிற்று. ஹெட்டைக் கழற்றி, பேரலைத் தூக்கி, கிரீஸை வழித்து, வெந்நீர்த் துணியைச் சுற்றி ராடோடு சேர்க்கிற ஆணியைத் தட்டிக் கழற்றி, பிஸ்டனைக் கையில் எடுத்தேன்.

எண்ணெய் இல்லாமல் ஓடிப் பிடித்த இன்ஜின் என்றால் முதலில் போவது ராடு பேரிங். நீலம் பாய்ந்து கடகடக்கும். இதில் பேரிங் வெண்ணெயில் சுற்றுகிற மாதிரிச் சுற்றுகிறது. எண்ணெய் வரும் வழியெல்லாம் கறுப்பாக எண்ணெய் நிற்கிறது. பிஸ்டனில் மட்டும் நாலு பக்கமும் உரசி, அலுமினியம் உருகிப் பூசியிருக்கிறது. உருகாத இடமாகப் பார்த்து, பேரலுக்குள் விட்டு இடைவெளி அளந்தேன். ஃபீலர் கேஜில் இருப்பதிலேயே மெல்லிய தகடு போகவில்லை. நாலு தடவை பார்த்தேன். போரை இறுக்கமாக விட்டிருக்கிறார்கள். சூடேறி பிஸ்டன் விரிந்ததும் போக இடமில்லை.

பிஸ்டனைத் திருப்பி உள்பக்கம் துடைத்தேன். ஆணிக்குக் கீழே மூன்று புள்ளி, முக்கோணமாகக் குத்தியிருக்கிறது.

மூன்று புள்ளியை யார் வேண்டுமானாலும் குத்தலாம். ஊரில் எத்தனை பட்டறை இருக்கிறது.

பிஸ்டனைப் பழைய பேப்பரில் சுற்றி ராகி டப்பாவுக்குள் வைத்தேன்.

ஜூன் 24, திங்கள்

இவர் மதியம் வந்தார். சாவு வீட்டிலிருந்து வந்தவர் குளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். கிணற்றடிக்குப் போகிற வழியில் பட்டறைக் கதவு. திறந்திருந்தது. வண்டியில் பேரல் இல்லாததைப் பார்த்தார். தோளில் துண்டோடு அங்கேயே நின்றார்.

நான் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். இவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"பேரிங் எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுங்க."

சரி என்று தலையசைத்தார். காய்ச்சல் எவ்வளவு என்று டாக்டர் சொல்லக் கேட்பவர் மாதிரி, முன்பே தெரிந்திருந்தும் கேட்கிற மாதிரி. அப்புறம் போய்க் குளித்தார். சோறு வேண்டாம் என்றார்.

மூன்று புள்ளி யாருடையது என்று எனக்குத் தெரியும். இதே வீட்டில், இதே பட்டறையில், எத்தனை பிஸ்டனில் நானே எங்கள் பட்டறைக் குறியாக அந்த மூன்று புள்ளியை உளி வைத்துக் குத்தியிருக்கிறேன். நேற்று அப்படி எழுதியது பயத்தில்.

ஜூன் 25, செவ்வாய்

காலையில் இவர் ராகி டப்பாவை நேராகப் போய் எடுத்தார். நான் எங்கே ஒளித்து வைப்பேன் என்று இவருக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் இவரை ஒன்றும் தெரியவில்லை. சின்ன அரத்தை எடுத்துப் புள்ளிகளை அராவினார். நான் டார்ச் பிடித்தேன்.

அராவி முடித்த பிறகுதான் வேறு வினை. அந்த இடம் மட்டும் புது எவர்சில்வர் மாதிரிப் பளபளக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த லட்சணம். தோசைக்கல்லின் அடியிலிருந்து கரியைச் சுரண்டி, பழைய எண்ணெயில் குழைத்து, விரலால் பூசினேன். நன்றாகவே சேர்ந்துகொண்டது. இந்த வேலைக்கு எனக்கு இவ்வளவு கைத்திறமை இருக்கும் என்று நினைக்கவில்லை.

வேண்டிக்கொண்டபடி எலுமிச்சை மாலை சாத்தப் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

ஜூன் 28, வெள்ளி

ஜெகதீசன் வந்தார். பிஸ்டனையும் மற்ற பழைய சாமான்களையும் கம்பியில் கட்டி முக்காலியில் வைத்திருந்தோம். அவர் பிஸ்டனை மட்டும் அவிழ்த்து எடுத்தார். திருப்பினார். உள்ளே பார்த்தார். ஆனால் அவர் குறியைத் தேடவில்லை. எதையும் தேடவில்லை.

"எண்ணெய் இருந்துச்சுங்களா?" என்று கேட்டார். அந்தக் குரல் முட்டை விலை சொல்கிற குரல் இல்லை.

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. அவரே பேசினார்.

"எனக்கு அப்பப் பதினஞ்சு வயசு. காத்தால தளிக்குப் போறேன், வண்டிக்கு இன்ஜின் எண்ணெய் ஊத்தி வைடான்னு அப்பா சொன்னாரு. சினிமாவுக்குப் போற அவசரத்துல, ஊத்தாமயே ஊத்திட்டேன்னு சொல்லிட்டனுங்க. அப்பா விழுந்த அன்னிக்கு எண்ணெய் டின்னு சீல் ஒடைக்காம இருந்ததை அம்மா பாத்துட்டாங்க. அதுக்கப்புறம் சாகற வரைக்கும் எங்கிட்டப் பேசலீங்கக்கா. ஒரே வீடு. ஒரு வார்த்தை கூடப் பேசல. ஊருக்கு நாயின்னு சொன்னதும் அவங்கதான், என்னைக் காப்பாத்தறதுக்கு." பிஸ்டனைக் கீழே வைக்காமல் கேட்டார்: "வேற எதாச்சும் காரணமா இருக்குமான்னு ஒரு ஆசைதானுங்க. எண்ணெய் இல்லாமத்தான் பிடிச்சுதுங்களா?"

யாரால என்று தெரிய வேண்டும் என்று அவர் முதல் நாள் சொன்னபோது, அடிக்க ஆள் தேடுகிறார் என்றுதான் நான் பயந்தேன். அவர் தேடியது தன்னைத்தான்.

இவர் வாயைத் திறந்தார். இவர் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்குள் நான் தலையை ஆட்டிவிட்டேன்.

ஆமாம் என்று ஆட்டினேன்.

"அப்ப நாந்தான்," என்றார் ஜெகதீசன். பிஸ்டனைத் தோள்துண்டில் முடிந்துகொண்டு காருக்குப் போனார். கதவைத் திறக்கச் சாவி எது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார்.

ஜூன் 29, சனி

ஒரு தலையாட்டல்தான். வாயால் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

இனிமேல் பயப்பட ஒன்றும் இல்லை. குறி போய்விட்டது, ஆள் போய்விட்டார், பழியை அவராகவே எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்படியிருந்தும் வாசலில் கார் சத்தம் கேட்டால் அடுக்களைக்குள் போய்விடுகிறேன். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். எனக்கு வழியே வேண்டாம், வீட்டுக்குள்ளேயே பயம்.

இவர் இன்றைக்கும் சாப்பிடவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு தயங்கி நின்றவர், "நாளைக்குப் பண்ணைக்குப் போறேன், புள்ள," என்றார்.

"எதுக்குங்க? அவரே ஒத்துக்கிட்டாருங்களே. போய்ச் சொன்னா உங்களை உயிரோட விடுவாரா?"

"பதினஞ்சு வயசுப் பையன் மேல போட்டுட்டு நான் இத்தனை நாள் சோறு தின்னிருக்கறேன்."

"உங்களுக்குத் தெரியாதில்லீங்க, அந்தப் பையன் அப்படி நெனைச்சுக்கிட்டு இருக்கறான்னு."

"வெள்ளிக்கிழமையில இருந்து தெரியுமே."

நான் அழுதேன். அதட்டினேன். மகள் கரூரில் நன்றாக இருக்கிறாள், அவள் மாமியார் வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்றேன். என் வாயில் என்னென்ன வந்ததோ எல்லாம் சொன்னேன். கடைசியில் நானும் வருகிறேன் என்று சொன்னதுதான் எனக்கே தெரியாமல் வந்தது.

ஜூலை 1, திங்கள்

தளி ரோட்டு பஸ்ஸில் போனோம். வளைவு வந்தபோது இவர் கண்ணை மூடிக்கொண்டார்.

பண்ணை வாசலில் இறங்கியதும் கோழிச் சத்தத்தில் என் நெஞ்சு அடிப்பது எனக்கே கேட்கவில்லை. போகிற வழியில் காலிக் கூண்டுகள் அடுக்கியிருந்தன. பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். ஆள் உட்காரலாம்.

ஜெகதீசன் ஆபீஸ் அறையில் இருந்தார். மேசையில் பேப்பர் விரித்து அதன் மேல் பிஸ்டன். உட்காரச் சொன்னார். இவர் உட்காரவில்லை.

"எண்ணெய் இருந்துச்சுங்க," என்றார் இவர். "நீங்க ஊத்தாட்டியும் இன்ஜினுக்குள்ள போதுமான எண்ணெய் இருந்துச்சு. பேரிங் நல்லா இருக்குது. அந்த போர் பண்ணினது நாந்தானுங்க. உங்கப்பா கோயமுத்தூருக்குப் போகல. எங்கிட்டத்தான் குடுத்தாரு. உள்ள என் குறி இருந்துச்சு, அராவிட்டேன்."

ஜெகதீசன் பிஸ்டனை எடுத்து உள்பக்கம் பார்த்தார். இவர் மேலே சொன்னார்.

"போர் பண்ணினதுக்கப்புறம் கடைசியா ஒருக்கா கல்லுப் போட்டுத் தேய்க்கோணும். அப்பத்தான் பிஸ்டன் விரியறதுக்கு எடம் இருக்கும். அன்னிக்குப் பொழுது சாய்ஞ்சிருச்சு. கல்யாணமான புதுசு. நேரமே மூடிட்டு வீட்டுக்குள்ள போகோணும்னு, பரவால்ல, ஓட ஓடச் சரியாயிரும்னு அப்படியே மாட்டிக் குடுத்துட்டனுங்க."

இதை நான் இப்போதுதான் முதல் தடவை கேட்கிறேன். கல்யாணமான புதிதில் இவர் அந்திக்குள் பட்டறையை மூடிவிட்டு வீட்டுக்குள் வந்துவிடுவார். என் மேல் எவ்வளவு ஆசை என்று அக்கம்பக்கத்தில் பெருமை பேசியிருக்கிறேன். அதில் எந்த அந்தி அது?

"எப்ப இருந்து தெரியும்?" என்றார் ஜெகதீசன்.

"விழுந்த அன்னிக்கே சந்தேகமுங்க. தொறந்து பாத்தாத்தான் உறுதி. உங்கம்மா வண்டியப் பூட்டிட்டாங்க. நானும், பூட்டுனதே நல்லதுன்னு விட்டுட்டேன்."

நான் தலையாட்டியது பொய் என்று நானும் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கினாரா என்று தெரியவில்லை. எழுந்தார். அவருக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்த மேசையைச் சுற்றி வந்தார். அடிக்கப்போகிறார் என்று நான் இவருக்கு முன்னால் போய் நின்றேன். எனக்கு அவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, வந்த வேகத்தில் போயும்விட்டது.

அவர் ஜன்னலுக்குத்தான் போனார். வெளியே பார்த்தபடி சொன்னார்:

"தை மாசத்துக்கு முந்தி வந்திருக்கலாமுங்ணா. ஒரு நாள் முந்தி வந்திருந்தாக்கூட எங்கம்மா எங்கூடப் பேசியிருக்கும்."

அவர் கையை ஓங்கியிருந்தால் தேவலை. இவர் அப்போதுதான் அழுதார். நானும் அழுதேன்.

ஜெகதீசன் திரும்பினார். "மன்னிக்கறதா என்னான்னு எனக்கு இப்பச் சொல்லத் தெரியல. நீங்க போங்க. வண்டி அங்கயே இருக்கட்டும். இந்தத் தடவையும் நீங்கதான் போர் பண்ணோணும். நான் ஓட்டுவேன்."

அது தண்டனையா, வேறு ஏதாவதா என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை.

ஜூலை 5, வெள்ளி

புது பிஸ்டன் வந்தது. இவர் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப அட்டைப்பெட்டிக்குள் வைத்துவிட்டார். இன்றைக்கு முடியாது என்றார்.

ஜூலை 9, செவ்வாய்

போர் ஆயிற்று. கடைசிக் கல்லை இவர் தேய்க்கத் தேய்க்க நான் அளந்தேன். போதும் என்றேன். நம்பவில்லை. மறுபடி அளக்கச் சொன்னார். பேரலை ஆற வைத்து, குளிர்ந்த பிறகு இன்னொரு தடவை அளக்கச் சொன்னார். சரியாக இருக்கிறது என்று மாரியம்மன் மேல் சத்தியம் செய்த பிறகுதான் கல்லைக் கீழே வைத்தார். புது பிஸ்டனுக்குள் குறி குத்தட்டுமா என்று கேட்டேன். கட்டாயம் குத்து என்றார்.

ஜூலை 11, வியாழன்

வண்டி முதல் உதைக்கே ஸ்டார்ட் ஆயிற்று. சத்தம் சுத்தம். ஜெகதீசனுக்குப் போன் போட்டோம். நாளைக் காலையில் வருகிறாராம், தளி ரோட்டில்தான் ஓட்டிப் பார்ப்பாராம்.

"பின்னாடி நானும் உக்காந்து வர்றனுங்க," என்று இவர் போனில் சொன்னார். அவர் கேட்கவில்லை, இவராகத்தான் சொன்னார். எல்லாம் சரியாக அளந்தது நான்தான். என் அளவு தப்பாக இருந்தால் நாளைக்கு இரண்டு பேர். ஆனால் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஜூலை 12, வெள்ளி

காலையில் ஜெகதீசன் வந்தார். இன்ஜின் சூடாகும் வரை நின்று கேட்டார். அப்புறம் ஏறினார். இவர் பின்னால் ஏறி, எதைப் பிடிப்பது என்று தெரியாமல் கடைசியில் சீட்டின் அடிக்கம்பியைப் பிடித்துக்கொண்டார். புது போர், மெதுவாகத்தான் போக வேண்டும். மெதுவாகத்தான் போனார்கள்.

தெருமுனை தாண்டியும் சத்தம் கேட்டது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பிய பிறகும் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை. தூரம் போனதால் கேட்கவில்லையா, வண்டி நின்றதால் கேட்கவில்லையா என்று யாரைப் போய்க் கேட்பது? மாவு ஊற்றினேன், எடுத்தேன், மறுபடி ஊற்றினேன். அடுப்பில் என்ன வைத்தேன் என்றே தெரியாமல் இருந்தேன். இந்த ஒரு மாதத்துக்கு மேலாகப் பட்ட பயம் எல்லாம் ஒன்றுமே இல்லை. இதுதான் பயம். போன் அடித்தால் எடுக்கக் கூடாது என்று முடிவு செய்து, பிறகு போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன்.

வந்தார்கள். சத்தம் போனபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. வாசலில் நிறுத்தி ஜெகதீசன் இறங்கினார். இவரால் இறங்க முடியவில்லை. கால் இரண்டும் விறைத்துப் போயிருந்தன, கம்பியைப் பிடித்த கையும் விடவில்லை. நான் ஓடினேன். அதற்குள் ஜெகதீசன் ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டு, இடுப்பில் கை கொடுத்து, இவரை வண்டியிலிருந்து இறக்கி நிறுத்தினார்.

இரண்டு பேருக்கும் இட்லி வைத்தேன். சாப்பிட்டார்கள்.